ஒரே பலகை, வேறு வேறு ஆட்டம்: சத்ரஞ்ச் முதல் கைப்பேசி வரை



நம் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில், கூடலூர் தொடங்கித் தேனி வரை, இன்று பிள்ளைகளின் பேச்சில் வெளிநாட்டு விளையாட்டு வீரர்களின் பெயர்கள் சரளமாகப் புழங்குகின்றன. கைப்பேசியிலும் கணினியிலும் நடக்கும் போட்டிகளைப் பார்த்துவிட்டு, கொரியர்களுக்குக் கைவேகம் அதிகம், ஜப்பானியர்களுக்குப் பொறுமை அதிகம், நம்மவர்கள் அவசரக்காரர்கள் என்று அவர்கள் தீர்ப்பும் சொல்கிறார்கள். ஒரே விளையாட்டு, ஒரே விதி. ஆயினும் நாட்டுக்கு நாடு ஆடும் பாங்கு மாறுவதேன்? அது இரத்தத்திலேயே ஊறியதா? அல்லது வேறு காரணம் உண்டா?

பிள்ளைகளின் பொழுதுபோக்குப் பேச்சு என்று இக்கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஒரு நாட்டார்க்கு இன்ன திறமைதான் வாய்த்தது என்று நம்பத் தொடங்கினால், நமக்கு வாய்த்தது இவ்வளவுதான் என்ற எண்ணமும் உடன் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனவே இதற்கான விடையை வரலாற்றில் தேடுவோம். காணொலி விளையாட்டுகளுக்கு வயது சில பத்தாண்டுகளே. ஆனால் நாடு விட்டு நாடு சென்று, ஒவ்வோர் ஊரிலும் வேறு வேறு விதமாக ஆடப்பட்ட ஒரு விளையாட்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதன் பாதையில் பெரும்பகுதி முஸ்லிம்களின் நகரங்கள் வழியாகவே செல்கிறது. அதுதான் சதுரங்கம்.

விதி மாறினால் ஆட்டம் மாறும்

முதலில் நம் மண்ணின் எடுத்துக்காட்டு ஒன்று. தமிழ்நாட்டின் ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். முக்கோண வடிவக் கட்டம். நேபாளத்தில் இதே கருத்திலமைந்த பாக்சால் என்னும் ஆட்டத்தில் நான்கு புலிகள், இருபது ஆடுகள், சதுரக் கட்டம். இரண்டிலும் ஆடுகள் சேர்ந்து நின்றால்தான் பிழைக்கும். ஆனால் நம் கட்டத்தில் தேர்ந்த ஒருவர் நேபாளக் கட்டத்தின்முன் உட்கார்ந்தால் பழகிய காய் நகர்த்தல்கள் உதவா. கட்டத்தின் கோடுகள் மாறியதும் மனத்தின் கணக்கும் மாறவேண்டியிருக்கிறது.

சதுரங்கத்தில் இதுவே பேரளவில் நடந்தது. இந்தியாவில் கி.பி. 6-ஆம் நூற்றாண்டளவில் சதுரங்கம் என வழங்கிய ஆட்டம் பாரசீகம் சென்று ‘சத்ரங்’ ஆயிற்று. பாரசீகம் முஸ்லிம்களின் ஆட்சிக்கு வந்தபின் அரபு நாவில் ‘ஷத்ரஞ்ச்’ ஆயிற்று. அங்கிருந்து ஸ்பெயினுக்குச் சென்று, இன்றும் ஸ்பானிய மொழியில் ‘அஹெத்ரெஸ்’ என்ற பெயரில் அந்த அரபுச் சொல்லின் சாயலைத் தாங்கி நிற்கிறது. நாம் மூலையில் வைக்கும் காயை யானை என்கிறோம். அரபியர் யானை எனப் பொருள்படும் ‘ஃபீல்’ என்ற பெயரை நாம் பிஷப் என்று சொல்லும் காய்க்கு வைத்தனர். பெயரிலேயே இவ்வளவு மாற்றமென்றால் ஆட்டத்தில் எவ்வளவு இருக்கும்!

ஷத்ரஞ்சில் இன்றைய ராணி கிடையாது. அவ்விடத்தில் ‘ஃபிர்ஸ்’ என்னும் அமைச்சர் இருந்தார். மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம்தான் நகர்வார். ஃபீல் மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்துக்குத் தாவும். பலகையின் அறுபத்து நான்கு கட்டங்களில் எட்டில் மட்டுமே அதனால் கால் பதிக்க முடியும். காய்களின் ஆற்றல் இவ்வளவு குறைவாயிருந்ததால் தொடக்கத்தில் இரு படைகளும் மோதிக்கொள்ளவே நெடுநேரமாகும். ஆகவே பக்தாதின் ஆட்டக்காரர்கள் எதிரியின் ஒவ்வொரு நகர்வுக்கும் விடையளிப்பதைவிட, தம் படையை ஓர் அணிவகுப்பாக அமைத்துக்கொள்வதில் கவனம் செலுத்தினர். அந்த அணிவகுப்புக்கு ‘தஃபியா’ என்று பெயர். ‘முஜன்னஹ்’, அதாவது சிறகுடையது, என்பது போன்ற பெயர்களால் அவ்வணிவகுப்புகள் அறியப்பட்டன. இன்றைய உலகச் சதுரங்க வீரர்களும், பல ஆட்டங்கள் வந்துசேரும் பழகிய நிலையொன்றைக் குறிக்க ‘தபியா’ என்ற சொல்லையே வழங்குகின்றனர்.

9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்அத்லீ ஷத்ரஞ்ச் பற்றி நூல் எழுதியவர். கலீஃபா அல்முதவக்கிலின் அவையில் அர்ராஸீ என்பவரிடம் தோற்றார் என்பது வரலாறு. அவருக்குப் பின் வந்த அஸ்ஸூலீ, கலீஃபா அல்முக்தஃபீயின் காலத்தில் புகழ்பெற்று, ஹிஜ்ரி 4-ஆம் நூற்றாண்டில் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற சதுரங்கப் புதிர் ஒன்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் விடுவிக்கப்படாமல் கிடந்து, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ரஷ்ய வீரர் யூரி அவெர்பாக்கால் விடுவிக்கப்பட்டது.

அக்காலத்திலேயே நாட்டுக்கு நாடு விதி வேறுபட்டதை ஆட்டக்காரர்கள் அறிந்திருந்தனர். எதிரியின் காய்களையெல்லாம் வெட்டி அரசனைத் தனியாக்கிவிட்டால் வெற்றி என்பது பொது விதி. அடுத்த நகர்விலேயே அவனும் நம் அரசனைத் தனியாக்கிவிட்டால்? பிற ஊர்களில் அது சமநிலை. மதீனாவாசிகளோ முதலில் தனியாக்கியவருக்கே வெற்றி என்றனர். ‘மதீனா வெற்றி’ என்றே அதற்குப் பெயர் வந்தது. அரசனுக்கு ஆபத்தில்லை, ஆனால் நகர வழியுமில்லை என்ற நிலையையும் பாருங்கள். ஷத்ரஞ்சில் அப்படி அடைத்தவர் வென்றார். 17, 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அடைத்தவர் தோற்றார். இன்று அது சமநிலை. ஒரே பலகை, ஒரே நிலை. மூன்று காலத்தில் மூன்று தீர்ப்பு. இத்தகைய விதிகளின்கீழ் வளர்ந்தவர்கள் ஒரே பாங்கில் ஆடுவார்கள் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

மார்க்க அறிஞர்கள் எதைப் பார்த்தார்கள்?

தாபியீன்களில் ஒருவரான ஸயீத் இப்னு ஜுபைர், பலகைக்கு முதுகைக் காட்டி அமர்ந்தபடியே ஆடக்கூடியவர் என்று செய்திகள் உண்டு. மறுபுறம், சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் இவ்விளையாட்டை விரும்பவில்லை. மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகள் இதைத் தடுத்தன. ஹனஃபீ மத்ஹப் கடுமையான மக்ரூஹ் என்றது. ஷாஃபிஈ மத்ஹப் நிபந்தனைகளோடு இலகுவான மக்ரூஹ் என்று நிறுத்திக்கொண்டது. பந்தயம் கூடாது, தொழுகை தவறக்கூடாது, நாவு கெடக்கூடாது என்பவையே அந்நிபந்தனைகள்.

நான் இங்கே ஃபத்வா எழுதவில்லை. நம் பள்ளத்தாக்கின் ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபீ வழியினர். தத்தம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். அந்த அறிஞர்கள் காய்களின் ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. ஆடுபவனின் பணத்தையும் நேரத்தையும் நாவையும் அந்த ஆட்டம் என்ன செய்கிறது என்பதைப் பார்த்தார்கள் என்பது மட்டுமே இக்கட்டுரைக்கு வேண்டியது. கட்டுரையின் முடிவில் இது நமக்குத் தேவைப்படும்.

ஐரோப்பாவின் வேகமும் இந்தியாவின் நிதானமும்

1475-ஆம் ஆண்டளவில் ஸ்பெயினில் விதி மாறியது. ஒரு கட்டம் நகர்ந்த அமைச்சர், பலகை முழுவதும் பாயும் ராணியானார். ஃபீலும் நெடுந்தூரம் ஓடும் பிஷப்பாயிற்று. ஆட்டம் திடீரென வேகமெடுத்தது. சில நகர்வுகளிலேயே அரசன் வீழக்கூடும் என்றானபின், காய்களைப் பலிகொடுத்துப் பாயும் தாக்குதல் பாங்கு இத்தாலியில் வளர்ந்தது. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஃபிலிடோர், சிப்பாய்களின் அமைப்பே ஆட்டத்துக்கு அடித்தளம் என்று கற்பித்து வேறொரு பாதை காட்டினார்.

இந்தியாவிலோ பழைய விதிகள் பல 20-ஆம் நூற்றாண்டு வரை நீடித்தன. இங்கே சிப்பாய் முதல் நகர்விலும் ஒரே கட்டம்தான் செல்லும். ஐரோப்பியர் செய்வதுபோல் அரசனையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றும் கோட்டை கட்டுதல் கிடையாது. அரசன் ஒருமுறை குதிரைபோல் தாவலாம். இதனால் இந்திய ஆட்டம் நிதானமானது. முன்வரிசை மெல்ல நகர, பின்வரிசை பொறுமையாக அணிவகுக்கும்.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் வழக்கறிஞராயிருந்த ஜான் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், மகேஷ் சந்திர பானர்ஜி என்னும் வங்காளியோடு ஏராளமான ஆட்டங்கள் ஆடினார். ஐரோப்பிய விதிப்படி ஆடியபோதும் பானர்ஜி தம் ஊர்ப் பழக்கத்தை விடவில்லை. சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தி, பிஷப்பை ஓரத்தில் ஒதுக்கி வைத்துத் தொலைவிலிருந்து குறிவைத்தார். அக்கால ஐரோப்பியருக்கு விசித்திரமாகத் தோன்றியிருக்கக்கூடிய அந்தப் பாங்குதான் இன்று ‘இந்தியத் தற்காப்பு’ என்ற பெயரில் உலக வீரர்கள் அனைவரின் பாடத்திலும் இடம்பெற்றுள்ளது. ஒரு நாட்டின் பழைய விதி தந்த பழக்கம், வேறொரு விதியின்கீழ் புதிய அறிவாக மாறிற்று.

சுல்தான் கான்: பஞ்சாபிலிருந்து லண்டனுக்கு

இவ்வரலாற்றில் நம் நெஞ்சைத் தொடும் பெயர் மீர் சுல்தான் கான். இன்றைய பாகிஸ்தானில், பஞ்சாபின் மிட்டா திவானா என்னும் ஊரைச் சேர்ந்தவர். தந்தையிடம் இந்திய விதிப்படி ஆடக் கற்றவர். ஐரோப்பிய விதிகளை அவர் கற்றது இருபது வயதைக் கடந்தபின்தான். 1928-இல் அகில இந்தியப் போட்டியில் வென்றார். அடுத்த ஆண்டு, நிலவுடைமையாளரும் அரசியல் பிரமுகருமான சர் உமர் ஹயாத் கான் அவரை லண்டன் அழைத்துச் சென்றார். அவ்வாண்டே பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் வென்றார். 1932-இலும் 1933-இலும் மீண்டும் வென்றார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலகச் சாம்பியன் கேபபிளாங்காவைத் தோற்கடித்தார்.

அவர் ஆட்டத்தின் பாங்கு என்ன? தொடக்க நகர்வுகளில் ஐரோப்பியரைவிடப் பின்தங்கியே இருந்தார். ஐரோப்பிய மொழிகளிலிருந்த சதுரங்க நூல்கள் அவருக்குத் துணையாக இருக்கவில்லை. ஆனால் ஆட்டத்தின் நடுப்பகுதிக்கும் இறுதிப்பகுதிக்கும் வந்துவிட்டால் அவரை அசைப்பது அரிது. மெல்ல நகரும் இந்திய ஆட்டத்தில் வளர்ந்த பொறுமை அங்கே துணை நின்றது.

அக்கால எழுத்துகளில் பல, அவரை எழுதப்படிக்கத் தெரியாத வேலைக்காரர் என்றும், கீழ்த்திசையின் புரியாத அதிசயம் என்றும் சித்திரித்தன. அவருடைய வழித்தோன்றல்கள் இச்சித்திரத்தை மறுத்துள்ளனர். வரலாறு படிக்கும் நாம் இங்கே கவனமாக இருக்கவேண்டும். ஒருவர் வெற்றிக்குப் பின்னால் தந்தையின் பயிற்சியும், தன் ஊரின் ஆட்டமரபும், ஆயிரக்கணக்கான மணிநேர உழைப்பும் இருக்கையில், அதை ‘அதிசயம்’ என்று சொல்லிவிட்டால் அந்த உழைப்பு மறைந்துபோகிறது. புகழ்ச்சிபோல் தோன்றினாலும் உண்மையில் அது ஒருவகை அவமதிப்பு.

அதே வீட்டைச் சேர்ந்த ஃபாத்திமா என்னும் பெண்மணி 1933-இல் பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தை வென்றார் என்பதையும் நம் சகோதரிகள் அறிந்துகொள்ளவேண்டும். ஒரே வீட்டில் இருவர்! அதிசயம் என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. ஆடும் சூழல் இருந்தது என்பதே பொருள்.

1933-இன் இறுதியில் சர் உமர் நாடு திரும்பியபோது சுல்தான் கானும் திரும்பினார். அத்தோடு அவருடைய சர்வதேச ஆட்டம் முடிந்தது. ஐந்தாண்டுக்கும் குறைவான காலமே ஐரோப்பாவில் ஆடியவர், நிலத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்து 1966-இல் மறைந்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 2024-இல்தான் அவருக்கு மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது. திறமை அவருடையது, பயணமும் வாய்ப்பும் பிறர் கையில் இருந்தன.

சென்னையில் ஒரு ருசியப் பாடசாலை

சோவியத் நாட்டில் 1917-க்குப் பின் அரசே சதுரங்கத்தைப் பேணி வளர்த்தது. சிறுவர்க்குப் பயிற்சி மையங்கள், பயிற்றுநர்கள், ஆட்டங்களை ஆய்ந்து குறிப்பெழுதும் ஒழுங்கு ஆகியவற்றால் ‘சோவியத் பள்ளி’ உருவாயிற்று. 1948 முதல் 1972 வரை உலகச் சாம்பியன்கள் அனைவரும் அந்நாட்டவரே.

அப்பள்ளியின் கிளையொன்று சென்னைக்கு வந்தது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் 1961-இல் அப்பட்டம் பெற்றவர். தேசியப் பட்டத்தை ஒன்பது முறை வென்றவர். உள்ளூர் விதிகளில் ஆடிவந்த இந்தியர்களைச் சர்வதேச விதிக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். 1972-இல் சென்னையின் சோவியத் கலாச்சார மையத்தில் ‘தால் செஸ் கிளப்’ தொடங்கப்பட்டதில் அவருக்குப் பெரும்பங்குண்டு. அங்கே சோவியத் நூல்களும் பயிற்சியும் கிடைத்தன.

விசுவநாதன் ஆனந்த் சிறுவயதில் ஆடிய இடம் அது. அங்கே விரைவு ஆட்டங்களில் வென்றவர் இருக்கையில் தொடர்வார். தோற்றவர் எழுந்து வரிசையில் நிற்கவேண்டும். எழாமல் ஆடிக்கொண்டே இருக்க விரும்பிய சிறுவனுக்கு மின்னல் வேகம் கைவந்தது. பின்னாளில் உலகமே வியந்த ஆனந்தின் வேகத்தைத் தமிழனின் பிறவிக்குணம் என்று யாரும் சொல்லமுடியாது. ஆனந்த் அமர்ந்த நாற்காலியின் விதி அது. 1988-இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினெட்டு வயது குகேஷ் உலகச் சாம்பியனானதும் அந்த நகரம் தொடர்ந்து வளர்த்த சூழலின் கனியே.

லாஹூரும் சியோலும்

இப்போது காணொலி விளையாட்டுகளுக்கு வருவோம். தென்கொரியா 1997-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அதிவேக இணையத்தை நாடெங்கும் விரித்தது. மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடும் ‘பிசி பாங்’ என்னும் கணினிக் கடைகள் தெருவுக்குத் தெரு தோன்றின. 1998-இல் வெளிவந்த ‘ஸ்டார்கிராஃப்ட்’ அங்கே தேசிய விளையாட்டுப்போல் ஆயிற்று. தொலைக்காட்சியில் போட்டிகள் ஒளிபரப்பாயின. வீரர்கள் அணியாக ஒரே வீட்டில் தங்கி நாள் முழுவதும் பயின்றனர். கொரியரின் கைவேகமும் பிழையற்ற ஒழுங்கும் அந்த வீடுகளில் பிறந்தவை.

பாகிஸ்தானில் நிலைமை வேறு. ‘டெக்கன்’ என்னும் சண்டை விளையாட்டு லாஹூர் போன்ற நகரங்களின் ஆர்கேட் கடைகளில் வளர்ந்தது. உலகெங்கும் ஆர்கேட் எந்திரத்தின் வழக்கம் ஒன்றே: வென்றவர் தொடர்வார், தோற்றவர் மீண்டும் காசு போடவேண்டும். தால் கிளப்பின் நாற்காலி விதியேதான்! வெளிநாட்டு வீரர்களோடு மோதும் வாய்ப்புக் குறைவாயிருந்ததால், தமக்குள்ளேயே மோதி மோதித் தமக்கென ஒரு பாங்கை அவர்கள் செதுக்கிக்கொண்டனர். 2019-இல் லாஹூரின் அர்சலான் சித்தீக், விசா சிக்கல்களைக் கடந்து ஜப்பானில் நடந்த ‘ஈவோ’ போட்டிக்குச் சென்று வென்றார். அதே ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த முதன்மைப் போட்டியின் இறுதியில் கொரியாவின் புகழ்பெற்ற வீரர் பே ஜே-மின்னையும் வென்றார். தம்மைவிடக் குறையாத ஆட்டக்காரர்கள் தம் நாட்டில் இன்னும் உண்டு என்று அர்சலான் சொன்னது வெறும் அடக்கமன்று. பிற பாகிஸ்தானியரும் பின்னர் உலகப் பட்டங்களை வென்று அதை மெய்ப்பித்தனர். பே ஜே-மின் பாகிஸ்தானுக்கே பயணம் செய்து அங்குள்ளவர்களோடு ஆடினார். அறிவு இருக்குமிடம் தேடிச் செல்லும் அந்தப் பண்பு பாராட்டத்தக்கது.

1929-இல் பஞ்சாபிலிருந்து ஒருவர் லண்டனை வியக்கவைத்தார். தொண்ணூறு ஆண்டுகள் கழித்து அதே பஞ்சாபிலிருந்து ஒருவர் ஜப்பானை வியக்கவைத்தார். இருவரையும் உலகம் ‘எங்கிருந்தோ வந்தவர்’ என்றது. எவரும் எங்கிருந்தோ வருவதில்லை. ஒரு தெருவிலிருந்து, ஒரு குருவிடமிருந்து, ஒரு விதியிலிருந்து வருகிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கு

நம்மவர் அவசரக்காரர் என்ற தீர்ப்பை இப்போது எடைபோடுங்கள். 2016-க்குப் பின் மலிவான இணையம் வந்தபோது நம் பிள்ளைகளின் கையில் கணினி இருக்கவில்லை; கைப்பேசிதான் இருந்தது. அதுவும் பல வீடுகளில் அத்தாவின் கைப்பேசி. அத்தா ஏலத்தோட்டத்திலிருந்தோ கடையிலிருந்தோ திரும்பியபின் கிடைக்கும் அரைமணி நேரத்தில், அவர் கேட்குமுன் முடிக்கவேண்டிய ஆட்டத்தில், பொறுமை எப்படி வளரும்? அவசரம் அந்த அரைமணி நேரம் கற்றுக்கொடுத்த பாடமே அன்றி, இனத்தின் குணமாகாது.

அப்படியெனில் கைப்பேசியை முழுநாளும் கொடுத்துவிடலாமா? இங்கேதான் பண்டைய அறிஞர்களின் நிபந்தனைகள் நினைவுக்கு வரவேண்டும். பணத்தைப் பற்றி அரசுகளும் இன்று அதே முடிவுக்கு வந்துள்ளன. தமிழ்நாடு 2022-இல் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நடுவண் அரசு, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து, மின்விளையாட்டுப் போட்டிகளை அவற்றிலிருந்து வேறுபடுத்தியது. நேரத்தையும் நாவையும் காக்க எந்தச் சட்டமும் வராது. அது வீட்டின் பொறுப்பு. விளையாடும்போது காதில் கருவி மாட்டிக்கொண்டு பிள்ளை பேசும் சொற்களை ஒருநாள் அருகில் அமர்ந்து கேளுங்கள். கண்டிப்பதற்கு முன், யாரோடு ஆடுகிறான், எதைக் கற்கிறான், எந்தத் தொழுகை நேரத்தை இழக்கிறான் என்று விசாரியுங்கள்.

சுற்றியிருப்பவை மனிதனை எப்படி வனைகின்றன என்பதை இந்த ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு வரலாறு காட்டுகிறது. பலகையின் விதி பக்தாதில் அணிவகுப்பைத் தந்தது. நாற்காலியின் விதி சென்னையில் வேகத்தைத் தந்தது. பயிற்சி வீடு சியோலில் ஒழுங்கைத் தந்தது. நம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளின் மாலை நேரத்துக்கு என்ன விதி வைப்பது என்பதை முடிவுசெய்யும் பொறுப்பு இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. அது ஒரு நூலகமாகலாம், மைதானமாகலாம், ஜமாஅத் மண்டபத்தில் ஓர் ஆசிரியரும் சில இருக்கைகளும் ஆகலாம். வெற்றிடமாக விட்டுவிட்டால் அதையும் ஏதோ ஒரு திரை நிரப்பிக்கொள்ளும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் நேரத்தில் பரக்கத் செய்வானாக. அவனே யாவற்றையும் நன்கறிந்தவன்.